ஒருவேளை சாரின் இரண்டாய்ப் பிரியும் துப்பாக்கி

டெக்ஸாஸில் துப்பாக்கி வாங்காதவர்கள் குறைவு. வாங்கியவர்களில், "இது சுடாமல் இருக்க எவ்வளவு தோதாக இருக்கும்?" என்று பார்த்துப் பார்த்து வாங்கியவர் எங்கள் ஒருவேளை சார் ஒருவர்தான். இந்த விஷயத்தில் அவரை மிஞ்ச இன்னொருவர் பிறந்து வந்தாலும், துப்பாக்கிக் கடைக்காரர் உள்ளே விடமாட்டார்.

நானும் அவரும் டாலஸ் பக்கம் ஒரே ஆபீஸ். வீடும் ஆலனில் ஒரே அபார்ட்மென்ட், அவர் கீழே, நான் மேலே. ஈரோட்டுக்காரர். குள்ளமாக, உருண்டையாக, எப்போதும் ஏதோ ஒரு பையைச் சுமந்துகொண்டு நடப்பார். அவர் வாயைத் திறந்தால் முதலில் வரும் சொல் "ஒருவேளை"தான். லிஃப்ட்டில் ஏறினால், "ஒருவேளை நடுவுல நின்னுருச்சுன்னா?" சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், "ஒருவேளை நல்லா ஓடறாப்ல நமக்குத் தோணுதோ?" அதனால் ஆபீஸ் முழுக்க அவருக்கு ஒருவேளை சார் என்றே பெயர். எங்கள் அமெரிக்க மேனேஜர்கூட ஒரு மீட்டிங்கில் "மிஸ்டர் ஒருவேலை" என்று கூப்பிட்டுவிட்டு, அதுதான் குடும்பப் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு பைத்தியம். ஊர் உலகமே இல்லாத இடத்தில் போய்க் கூடாரம் போட்டுத் தங்க வேண்டும். பயப்படுகிறவர் ஏன் அங்கே போகவேண்டும் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "பயப்படறதுக்கு அங்கதாங்க தம்பி நல்ல வசதி" என்றார்.

விசாவில் இருந்தவரை துப்பாக்கி என்ற பேச்சையே அவர் எடுத்ததில்லை. கிரீன் கார்டு கைக்கு வந்த வாரம், எல்லோரும் வீடு பார்க்கப் போவார்கள் அல்லவா? ஒருவேளை சார் துப்பாக்கி பார்க்கப் போனார்.

"ஏனுங்க, நம்ம ஊட்ல எறும்புக்கு மருந்து வைக்கக்கூட விடமாட்டேங்கறீங்க. உங்களுக்கு எதுக்குங்க துப்பாக்கி?" என்று அவர் மனைவி சுமதி அக்கா கேட்டார்.

"ஒருவேளை காட்டுப்பன்னி வந்துருச்சுன்னா?"

"வந்தா?"

"வந்தா... மேலாப்ல ஒரு சத்தம் குடுத்தாப் போதும்ங்க. அது பாட்டுக்குப் போயிரும்."

பத்தாவது படிக்கும் அவர்கள் மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "அப்பா, யூ சே சாரி டு ஸ்பைடர்ஸ்" என்றாள். ஒருவேளை சார் அதை மறுக்கவில்லை. குளியலறையில் சிலந்தி இருந்தால் அதை ஒரு டம்ளருக்குள் விட்டு, வாசலைத் தாண்டிப் போய், புல்லில் விட்டுவிட்டு வருகிறவர்தான். முட்டைகூடச் சாப்பிடமாட்டார்.

அவருக்கு வேண்டியது டேக்டவுன் ரைஃபிள் என்ற வகை. அதாவது இரண்டாகக் கழற்றி முதுகுப்பையில் போட்டுக்கொண்டு போகலாம். குழல் ஒரு பாதி. விசையும் பின்கட்டையும் சேர்ந்து இன்னொரு பாதி. காட்டுக்குப் போனதும் மாட்டிக்கொள்ளலாம். இதைத் தேர்ந்தெடுக்க அவர் நான்கு மாதம் எடுத்துக்கொண்டார். அந்த நான்கு மாதமும் மதிய சாப்பாட்டு நேரத்தில் எனக்குத் துப்பாக்கியைத் தவிர வேறு எதுவும் பரிமாறப்படவில்லை.

முதலில் எடை. மூன்றரை பவுண்டு இருப்பது நல்லதா, ஐந்து பவுண்டு இருப்பது நல்லதா? இதற்காகத் துவரம்பருப்பைப் பொட்டலம் கட்டி முதுகுப்பையில் போட்டுக்கொண்டு, எங்கள் அபார்ட்மென்ட் குளத்தைத் தினமும் பத்து சுற்று சுற்றினார். ஒரு நாள் மூன்றரை பவுண்டு, மறுநாள் ஐந்து பவுண்டு. எதிர்வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி என்னை நிறுத்தி, "உன் நண்பர் ராணுவத்தில் சேரப் போகிறாரா?" என்று கேட்டார். "இல்லை, பருப்பு வாங்கிக்கொண்டு வருகிறார்" என்றேன். தினமுமா என்று அவர் கேட்கவில்லை. நல்ல பாட்டி.

பிறகு கடை. வடக்கே ஒரு துப்பாக்கிக் கடை. உரிமையாளர் பெயர் டேல். நெஞ்சு வரைக்கும் தாடி, கையில் எப்போதும் காபி. நானும் கூடவே போனேன், போகாவிட்டால் சாயங்காலம் முழுவதையும் கதையாகக் கேட்க வேண்டியிருக்கும்.

டேல் முதலில் ஒன்றை எடுத்து வைத்தார். அதன் எல்லாப் பாகங்களும் பின்கட்டைக்குள்ளேயே அடங்கிவிடும். இறகு மாதிரி எடை. தண்ணீரில் விழுந்தால் மிதக்கும்.

ஒருவேளை சார் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒருவேளை ஆத்துல மிதந்து போயி, வேற யாராவது எடுத்துட்டாங்கன்னா?" என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். டேல் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அடுத்தது நடுவில் மடியும் வகை. ஒரு நேரத்தில் ஒரே தோட்டாதான் போட முடியும். ஒருவேளை சாருக்கு அது ரொம்பப் பிடித்தது. "ஒண்ணு சுட்டு, இன்னொண்ணு போடறதுக்குள்ள மனசு மாறிரும்ங்க. நல்ல ஏற்பாடு." ஆனால் மடித்து வைத்தாலும் அது முழுத் துப்பாக்கிதானே என்று அவருக்கு ஒரு குறை.

மூன்றாவதுதான் அந்த வகை. நடுவில் ஒரு பிடியை இழுத்துத் திருகினால், கையோடு இரண்டாக வந்துவிடும். கொஞ்சம் கனம். ஆனால் குறி நன்றாக விழும், பழுது வராது, பராமரிப்பு எளிது, காட்டுக்குத் தோதானது என்று டேல் அடுக்கிக்கொண்டே போனார். ஒருவேளை சார் ஒரு பாதியை இடதுகையிலும் இன்னொரு பாதியை வலதுகையிலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகம் மலரக் கேட்டார்.

"இப்ப இது சுடாதுங்களா?"

"சுடாது" என்றார் டேல்.

"எப்படிப் பண்ணாலும்?"

"சார், அது இப்போது ஒரு இரும்புக் குழாயும் ஒரு பிளாஸ்டிக் கட்டையும்தான்."

"இதைக் குடுத்துருங்க."

டேல் காபியைக் கீழே வைத்தார். இத்தனை வருஷத்தில் துப்பாக்கி சுடாது என்பதற்காக வாங்கியவர் நீங்கள்தான் முதல் ஆள் என்று எழுந்து நின்று கைகுலுக்கினார். ஆனால் சும்மா அனுப்பவில்லை. பாதுகாப்பு வகுப்பு முடித்தால்தான் ஆச்சு என்றார். ஒருவேளை சார் அதே வகுப்பில் இரண்டு முறை உட்கார்ந்தார், முதல் முறை ஏதாவது காதில் விழாமல் போயிருந்தால் என்ன செய்வது?

பயிற்சி மைதானத்தில் முதல் தடவை சுட்டபோது இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார். தோட்டா போன இடமே தெரியவில்லை. ஆனால் பக்கத்துத் தடத்தில் சுட்டுக்கொண்டிருந்தவரின் குறி அட்டையில், நட்டநடுவில் ஒரு புது ஓட்டை. அந்த ஆள் அதைப் படமெடுத்து மனைவிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஒருவேளை சார் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் போனார். நான்தான் சட்டையைப் பிடித்து இழுத்து, "விடுங்க சார், பாவம், சந்தோஷமா இருக்கார்" என்றேன்.

முதல் பயணத்துக்கு மூன்று கார்களில் போனோம். ஒன்று அவருடையது, ஒன்று என்னுடையது, ஒன்று எங்கள் நண்பன் பிரபுவுடையது. கிளம்பும்போதே ஒருவேளை சார் விதியைச் சொல்லிவிட்டார். இரண்டு பாதியும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. பின்பாதி அவர் காரில், குழல் பிரபு காரில், தோட்டா பூட்டிய பெட்டியில் என் காரில்.

பொழுது சாய்கிற நேரம். நாங்கள் புளியோதரைப் பாத்திரத்தைத் திறந்து வைத்திருந்தோம். புதரில் சலசலப்பு. பெரிய சலசலப்பு.

"தம்பி, அதுதாங்க! பன்னி!"

அவர் தன் காருக்கு ஓடிப் பின்பாதியை எடுத்தார். பிரபு கார் பூட்டியிருந்தது. பிரபு குளிக்கப் போயிருந்தான். பிரபுவைக் கூப்பிட்டு, சாவி வாங்கி, குழலை எடுத்து, என் காருக்கு வந்து, தோட்டாப் பெட்டியின் எண் பூட்டைத் திருப்பினார். எண் மறந்துவிட்டது. ஒருவேளை யாராவது பார்த்துவிட்டால் என்று எங்கேயும் எழுதியும் வைக்கவில்லை. சுமதி அக்கா அதற்குள் ஒரு தட்டையும் கரண்டியையும் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, பன்னி இல்லைங்க. வந்து பாருங்க" என்றார்.

ரக்கூன். பூனையைவிடச் சற்றே பெரிய பிராணி, கண்ணைச் சுற்றி முகமூடி போட்ட மாதிரிக் கறுப்பு. எங்கள் புளியோதரையை ஒரு கை அள்ளி, பக்கத்தில் இருந்த பாத்திரம் கழுவும் தண்ணீரில் நனைத்து, நிதானமாகத் தின்றது. பிறகு இன்னொரு கை.

ஒருவேளை சார் இரண்டு பாதியையும் இரண்டு கைகளில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "பாருங்க தம்பி, கை கழுவிட்டுச் சாப்பிடுதுங்க" என்றார். அன்று நாங்கள் ரொட்டியும் ஜாமும் சாப்பிட்டோம்.

இதற்குப் பிறகு அவரை நாங்கள் விட்டு வைக்கவில்லை. ஆபீஸில் யாராவது ஸ்டேப்ளர் கேட்டால், "மேல்பாதி என்கிட்ட, கீழ்பாதி பிரபுகிட்ட" என்போம். அவர் எங்களோடு சேர்ந்து சிரிப்பார். ஆனால் விதியை மட்டும் மாற்றவில்லை.

இரண்டாவது பயணம் மேற்கு டெக்ஸாஸ். ஒரு தனியார் பண்ணை நிலத்தில், உரிமையாளர் அனுமதியோடு தங்கினோம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை முள்ளும் பாறையும். போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. என் மனைவி தன் அக்காவின் பிரசவத்துக்காகச் சென்னை போயிருந்ததால் நான் தனி ஆள். இரண்டு மைல் தள்ளி, காய்ந்த ஓடையின் கடைசியில் ஒரு ஊற்று இருப்பதாகப் பண்ணைக்காரர் சொன்னார். மதியம் நானும் ஒருவேளை சாரும் அதைப் பார்க்கக் கிளம்பினோம்.

அவர் பையில் குழல் துருத்திக்கொண்டு தெரிந்தது.

"சார், பின்பாதி எங்க?"

"கூடாரத்துல, பெட்டிக்குள்ள பூட்டி வச்சிருக்கேங்க."

"அப்புறம் இந்தக் குழலை எதுக்கு சார் சுமக்கறீங்க? வெறும் குழலை வெச்சு என்ன பண்ணுவீங்க? ஊதுவீங்களா?"

"ரெண்டும் ஒரே எடத்துல இருக்கக் கூடாதில்லீங்களா" என்றார், இதைக்கூடச் சொல்ல வேண்டுமா என்கிற முகத்தோடு.

நான் சிரித்துக்கொண்டே முன்னால் போனேன். ஊற்றைப் பார்த்தோம். சொம்பு அளவுத் தண்ணீர். திரும்பும்போது ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்குத் தாவினேன். இரண்டாவது பாறை என்னோடு சேர்ந்து வந்தது.

கணுக்காலில் ஒரு சத்தம் கேட்டது. எனக்கே கேட்டது. பத்தடி உருண்டு ஓடை மணலில் விழுந்தேன். எழுந்து நிற்கப் பார்த்தேன், முடியவில்லை. கால் வேறு திசையில் போக விரும்புவது போல இருந்தது. வெயில் தலையில் இறங்கியது. இரண்டு மைல். சிக்னல் இல்லை. என்னைத் தூக்குகிற உடம்பு அவருக்குக் கிடையாது. அப்போது உண்மையாகவே பயந்தேன். வாய்விட்டு, "சார், என்ன சார் பண்றது?" என்று அழுதுவிட்டேன்.

உலகத்தில் எதற்கெடுத்தாலும் பயப்படுகிற அந்த மனிதர் அந்த நேரம் பயப்படவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். பையை இறக்கினார். முதலில் ஒரு கறுப்புக் குடை வெளியே வந்தது. விரித்து என் தலைக்கு மேல், இரண்டு கற்களுக்கு நடுவே செருகினார். அடுத்து நாலு பாட்டில் தண்ணீர். குளுக்கோஸ். விசில். ஈரோட்டுத் துண்டு இரண்டு. கடைசியில் குழல்.

அதை வெயிலுக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தார். திருப்பி இன்னொரு பக்கம் பார்த்தார். மறுபடியும் முதல் பக்கம்.

"சார், அது வெறும் குழல் சார்!" என்று வலியிலும் கத்தினேன்.

"பாத்துக்கறது நல்லதில்லீங்களா" என்று சொல்லிவிட்டு, குழலைத் துணியில் சுற்றி என் காலின் ஒரு பக்கமும், மெஸ்கீட் என்கிற முள்மரத்தின் கட்டை ஒன்றை மறுபக்கமும் வைத்து, இரண்டு துண்டாலும் இறுக்கிக் கட்டினார். கட்டு போட்டதும் வலி பாதியானது. கால் அசையவில்லை.

"இப்ப சும்மா உக்காரலாம்ங்க. நாலு மணிக்கு வந்துருவாங்க."

"யாரு?"

"சுமதிகிட்ட சீட்டு எழுதிக் குடுத்திருக்கேன். நாலு மணிக்குள்ள நாங்க வரலைன்னா ஓடை வழியாவே வாங்கன்னு. படமும் போட்டிருக்கேங்க."

மணி இரண்டு. இரண்டு மணி நேரம் அந்தக் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். பேசாமல் இருந்தால் வலி தெரிந்தது, அதனால் அவரையே கேட்டேன். "நீங்க பொறந்ததுல இருந்தே இப்படித்தானா சார்?"

இல்லையாம். அமெரிக்கா வந்த முதல் குளிர்காலத்தில் அவர் ஜெர்சி சிட்டியில் இருந்தார். அறைத்தோழனோடு பழைய கார் ஒன்றில் போகும்போது பனியில் மாட்டிக்கொண்டார்கள். ஃப்ரீவேயில் மணிக்கணக்காக எதுவும் நகரவில்லை. பெட்ரோல் தீர்ந்தது. கையில் கையுறைகூட இல்லை, ஒரு பாக்கெட் பிஸ்கட்தான். தோழனுக்கு இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது.

"இப்பவும் எட்டு விரல்லதாங்க டைப் அடிக்கறான். ஆனா நம்மளை விட வேகம். பொங்கலுக்குப் பொங்கல் கூப்பிட்டு நல்லாருக்கேன்டாம்பான். ஒரு தீப்பெட்டி எடுத்து வச்சிருந்தா என்னன்னு எனக்குத்தாங்க இன்னும்..." என்றவர், பாட்டிலைத் திறந்து, "குடிங்க தம்பி, தாகமில்லாட்டியும் குடிங்க" என்றார்.

அவர் பையைப் பார்த்து நாங்கள் சிரித்த சிரிப்பெல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. தண்ணீரைக் குடித்தேன்.

நாலு மணி ஆக இரண்டு நிமிடம் இருக்கும்போது இன்ஜின் சத்தம் கேட்டது. ஒருவேளை சார் விசிலை எடுத்து ஊதியதில் என் காது அடைத்துக்கொண்டது. பண்ணைக்காரர் ஓட்டிவந்த சின்ன வண்டியில் பிரபுவும் சுமதி அக்காவும்.

"கல்யாணம் ஆன நாள்லருந்து சீட்டு எழுதிக் குடுக்கறாருங்க" என்றார் அக்கா, மூச்சு வாங்க. "இன்னைக்குத்தான் பிரிச்சுப் படிச்சேன். அதுல, 'நாலு மணின்னா மூணரைக்கே கெளம்பு, உனக்கு நேரமாகும்'னு எழுதியிருக்காரு. கோவத்துல வேகமா வந்தேன்!"

பண்ணைக்காரர் என் காலைக் குனிந்து பார்த்தார். துண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். "என்னிடம் பதினோரு துப்பாக்கி இருக்கிறது. ஒன்றுகூட இவ்வளவு உபயோகமாக இருந்ததில்லை" என்றார்.

அருகிலிருந்த ஊரின் சின்ன மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. நர்ஸ் துண்டைப் பிரித்தார். உள்ளே துப்பாக்கிக் குழல். எனக்கு வியர்த்துவிட்டது. ஒருவேளை சார் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

நர்ஸ் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "இன்னொரு பாதி எங்கே?"

"முப்பது மைல் தள்ளி, மேடம். பூட்டின பெட்டியில."

"நல்லது" என்று குழலைக் கையில் எடை பார்த்தார். "இந்த வகைதான் என் கணவரும் வாங்கணும்னு இருக்கார். முகாமுக்கு எப்படி?"

ஒருவேளை சார் கையை இறக்கிக்கொண்டு, மிகவும் யோசித்து, "ரொம்பத் தோதா இருக்குங்க" என்றார். அடுத்த கால் மணி நேரம் இரண்டு பேரும் எடையைப் பற்றிப் பேசினார்கள். நான் ஸ்ட்ரெச்சரில் கிடந்தேன்.

எக்ஸ்ரே வந்தது. எலும்பில் மயிரிழை அளவு விரிசல், அவ்வளவுதான். விலகவில்லை. அறுவை சிகிச்சை வேண்டாம். அசையாமல் கட்டியது யாரோ, நன்றாகக் கட்டியிருக்கிறார்கள் என்றார் டாக்டர். அப்போதுதான் என் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. சுமதி அக்கா அங்கேயே நின்று சாமி கும்பிட்டார். பிரபு காபி வாங்க ஓடினான். ஒருவேளை சார் மட்டும் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். காலியான தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தார். அத்தனை நேரமும் அந்தப் பயத்தை எங்கே வைத்திருந்தாரோ.

நர்ஸ் ஒரு படிவத்தைக் கொடுத்தார். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு கட்டம். மனைவி சென்னையில், அங்கே விடிந்துகூட இருக்காது. ஒருவேளை சாரின் நம்பரை எழுதினேன். அதற்குப் பக்கத்தில், அவர் உங்களுக்கு என்ன உறவு என்று இன்னொரு கட்டம்.

நர்ஸ் அவரைப் பார்த்தார். குள்ளமாக, உருண்டையாக, சிவப்பாக ஒரு மனிதர். என்னைப் பார்த்தார். ஆறடி, கறுப்பு, ஒல்லி.

"அண்ணன்" என்று எழுதினேன். பொய் எழுதினேன் என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.